சக்கரமும் சூளையும்: டால்க் இல்லாவிட்டால் மேக்னசைட் போடலாமா?

கேள்வி: வெளிநாட்டுப் புத்தகத்தில் பார்த்த ஒரு மேட் கிளேஸில் (பானைமேல் பூசிச் சுடும், பளபளப்பில்லாத கண்ணாடிப் பூச்சு) டால்க் என்ற மென்கல் பொடி 10 பங்கு போடச் சொல்லியிருக்கிறது. சில்லறையாக ஒரு கிலோ, இரண்டு கிலோ எனக்கு யாரும் தரமாட்டேன் என்கிறார்கள். நம்ம ஊரில் மேக்னசைட் வெள்ளைக்கல்லுக்குப் பஞ்சமே இல்லை, ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். இரண்டிலும் மக்னீசியம்தானே, 10க்கு 10 போட்டால் என்ன?
— வாசகி, சேலம்

பதில்: போடலாம், ஆனால் 10க்கு 10 வேண்டாம். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இந்த எடைக்கு எடை கணக்கில்தான். சூளை சூடேறிய பிறகு உள்ளே டால்க்கும் இல்லை, மேக்னசைட்டும் இல்லை, ஆக்சைடுகள்தான் மிச்சம், அதனால் கணக்கை அங்கிருந்து பிடியுங்கள். சுத்தமான டால்க்கில் மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) 32 சதவீதம், சிலிக்கா 63 சதவீதம். ஆக 10 பங்கு டால்க் உங்கள் கிளேஸுக்குத் தருவது 3.2 மக்னீசியா, 6.3 சிலிக்கா. மேக்னசைட்டில் பாதிக்கு மேல் கரியமில வாயுவாகப் போய்விடும், மக்னீசியாவாக நிற்பது சுமார் 48 சதவீதம். அதே 3.2 வர 6.7 பங்கு மேக்னசைட் போதும். ஆனால் அதில் சிலிக்கா இல்லையே? அதற்குத் தனியாக 6.3 பங்கு குவார்ட்ஸ் பொடி சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு வெறும் மேக்னசைட்டை 10 போட்டால் மக்னீசியா ஒன்றரை மடங்கு ஏறி, சிலிக்கா குறைந்து, 1,220 டிகிரியில் கிளேஸ் சரியாக உருகாமல் சொரசொரவென்று நிற்கும்.

நம் பக்கத்துக் கல்லில் வெள்ளை சிலிக்கா நரம்பு ஓடுவதும் உண்டு, அதனால் என் கணக்கை வேதவாக்காக எடுக்காமல் குவார்ட்ஸை ஒரு பங்கு குறைத்தும் ஒரு சோதனை ஓட்டில் பூசிச் சுட்டுப் பாருங்கள். ஓட்டைச் செங்குத்தாக நிறுத்திச் சுட்டால் வழிகிறதா என்பதும் தெரிந்துவிடும். வாயு வெளியேற நேரம் வேண்டும், 800 டிகிரி வரை மெதுவாக ஏற்றுங்கள். கடையில் பஞ்சு மாதிரி லேசான மக்னீசியம் கார்பனேட் பொடி கொடுத்தால் அதைக் கல்பொடிக்குப் பதிலாகப் போட வேண்டாம், காயும்போதே வெடிப்பு விட்டு, சூளையில் கிளேஸ் முத்து முத்தாகத் திரண்டு நடுவில் களிமண் தெரியும். சுட்ட மக்னீசியாவும் கிடைக்கும். அதில் எடை இழப்பு கிடையாது, 3.2 பங்கே போதும். ஆனால் குறைந்த சூட்டில் சுட்டதாக இருந்தால் வாளியில் தண்ணீரோடு சேர்ந்து கெட்டியாகும்.

அப்புறம் கல்சட்டி கடையும் இடத்து மாக்கல் தூளைக் கேட்பீர்கள். அதிலும் டால்க் உண்டு, கூடவே இரும்பும் வரும், வெள்ளை கிளேஸில் பழுப்பேறும். எந்தப் பொடியானாலும் மாஸ்க் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஏற்காடு காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் விறகுச் சாம்பல் நிறைய சேர்கிறது. கால்சியம் கார்பனேட்டுக்குப் பதில் இதைப் போடலாமா? அரிசி ஆலை உமிச்சாம்பலும் ஒன்றுதானா?
— வாசகர், ஏற்காடு

பதில்: ஒன்றே இல்லை. விறகுச் சாம்பலில் பெரும்பங்கு கால்சியம், கிளேஸை உருக வைப்பது அதுதான். உமிச்சாம்பலில் 90 சதவீதம் போல சிலிக்கா, அது குவார்ட்ஸின் இடத்துக்குத்தான் பொருந்தும், உருக வைக்காது. மாற்றிப் போட்டால் கிளேஸ் உலர்ந்த மாவு மாதிரி பானைமேல் அப்படியே கிடக்கும். விறகுச் சாம்பலை முதலில் எடைக்கு எடை போட்டு, பிறகு இரண்டிரண்டு பங்காக ஏற்றி இறக்கிப் பாருங்கள். அடுப்புக்கு அடுப்பு சாம்பல் மாறும், அதனால் ஒரு சீசன் சாம்பலை மொத்தமாகச் சேர்த்துக் கலக்கி, 60 மெஷ் (அங்குலத்துக்கு 60 கண்) சல்லடையில் சலித்து வையுங்கள், இல்லாவிட்டால் இன்று வந்த நிறம் அடுத்த சூளையில் வராது. ஊறவைத்துத் தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டுக் காயவைப்பது நல்லது. அந்தத் தண்ணீர் சோப்புக்காரம் மாதிரி, கையை அரிக்கும், கையுறை போடுங்கள்.

கேள்வி: சாதாரண மண்பாண்டத்துக்கு 950 டிகிரியில் பளபளப்பு வேண்டும். ஈயச் செந்தூரம் போடலாமா?
— வாசகர், ஓமலூர்

பதில்: கூடவே கூடாது. புளிக்குழம்பும் ரசமும் ஊறுகாயும் ஈயத்தைக் கரைத்து எடுத்துவிடும். ஈயமில்லாத போராக்ஸ் ஃப்ரிட் (முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடி) வாங்கிக்கொள்ளுங்கள். போராக்ஸையே நேரடியாகப் போடலாமா என்றால், அது தண்ணீரில் கரைந்து பானைக்குள் இறங்கிவிடும், மேலே பாதிதான் நிற்கும்.