கழுவாத குறை

அன்புள்ள ஐயா,

வீட்டு டார்க் ரூம் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னைக் கிளறிவிட்டது. என் அப்பாவும் குளியலறையில் படம் கழுவுவார். சிவப்பு வெளிச்சத்தில் ஃபிலிமில் முகங்கள் எழுந்து வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பொறுமை இன்று யாருக்கு இருக்கிறது? அவர் போட்ட படங்களில் சில பழுப்பேறிவிட்டன. காப்பாற்ற வழி உண்டா?

க., திருச்சி

அன்புள்ள க.,

நீங்கள் பார்த்தது ஃபிலிம் இல்லை, பிரிண்ட் போடும் பேப்பர். கறுப்பு வெள்ளை பேப்பருக்குச் சிவப்பு தெரியாது, அதனால்தான் அந்த பல்பு. ஃபிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். கும்மிருட்டில்தான் அதை, கழுவுவதற்கான மூடிய டப்பாவான டேங்கில் சுற்ற வேண்டும். மே மாதச் சென்னையில், கம்பளிக்குள் புகுந்துகொண்டு நான் அதைச் செய்திருக்கிறேன். மூக்கு நுனியிலிருந்து வியர்வை எங்கே சொட்டும் என்பதே கவலை.

பொறுமையா? எனக்கு அது கிடையாது. படத்தை எழுப்பும் ரசாயனக் கரைசலான டி-76 டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும், எங்கள் குழாய்த் தண்ணீரோ 30-ஐத் தாண்டும். சாக்கில் சுற்றி ஐஸ் கட்டி வாங்கிவந்து, அதில் பாட்டிலைக் குளிரவைக்க வேண்டும். ஒருநாள் ஐஸ் கடை பூட்டியிருந்தது. பரவாயில்லை என்று அப்படியே ஊற்றினேன். ஃபிலிம் மேல் படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு பாலாடை போலச் சுருங்கிவிட்டது. அத்தை மகளின் வளைகாப்பு, பன்னிரண்டு படங்கள். அத்தை இன்றும் விசாரிப்பாள்.

சரி, பழுப்புக்கு வருகிறேன். ஹைப்போ என்கிற ரசாயனம்தான் காரணம். பேப்பரின் பூச்சில் ஒளிபடாமல் மிஞ்சும் வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்கவைப்பது அதுதான். வெள்ளி உப்பை அது கரைக்கும் என்று ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டுவிட்டார். புகைப்படக்காரர்களுக்கு அது பயன்பட்டது இருபது வருடம் கழித்து. ஆனால் வேலை முடிந்ததும் ஹைப்போ வெளியேற வேண்டும். பேப்பரின் நாரில் தங்கிவிட்டால், அதிலுள்ள கந்தகம் மெல்ல மெல்ல வெள்ளியைத் தின்னும். அந்தக் காலத்துத் தடித்த பேப்பருக்கு ஓடுகிற தண்ணீரில் ஒரு மணி நேரமாவது வேண்டும்.

1983-ல் சென்னையில் எங்கே ஓடியது தண்ணீர்? "குடிக்கவே இல்லை, காகிதத்துக்குக் குளியலா?" என்று அம்மா இரண்டு வாளிதான் அளந்து கொடுத்தாள். மொத்த வேலைக்கும் 'கழுவுறது' என்று பெயர் வைத்துக்கொண்டு, கழுவ வேண்டிய இடத்தில் கோட்டைவிட்டோம். ஊட்டி ஃபேக்டரியில் செய்த 'இந்து' போட்டோ பேப்பரில் நான் போட்டவற்றில் அந்தக் கோடையின் படங்களுக்கு மட்டும் ஓரமெல்லாம் டீக்கறை. உங்கள் அப்பா படங்களின் பின்னால் தேதி இருந்தால் பாருங்கள், அநேகமாகக் கோடையாகத்தான் இருக்கும்.

அவற்றை இப்போது தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் நெகட்டிவ்களைத் தேடுங்கள். பேப்பரைப் போல ஃபிலிம் ஹைப்போவை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது, நன்றாகவே இருக்க வாய்ப்புண்டு. இருந்தால் புதிதாகப் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம்.

பல வருடம் கழித்துத்தான் ஒன்று தெரிந்தது. கழுவும்போது நடுவில் கொஞ்சம் சோடியம் சல்ஃபைட் கலந்த தண்ணீரில் பேப்பரை அலசினால் ஹைப்போ சீக்கிரம் போய்விடுமாம். டி-76-க்கு லிட்டருக்கு 100 கிராம் போடுவது அதே சல்ஃபைட்தான். என் அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருந்தது.