மிக்-21 மாதிரி செய்யத் தொடங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: போர் விமானங்களின் பிளாஸ்டிக் மாதிரிகளைச் செய்பவர்கள் எந்த நுட்பங்களையெல்லாம் கவனிப்பார்கள்? இந்திய விமானப்படையின் மிக்-21 மாதிரியை முதன்முதலாகச் செய்ய விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

மிக்-21 என்ற பெயரில் ஒரே ஒரு விமானம்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டு நான் தொடங்கினேன். அந்த நினைப்பே என் முதல் மாதிரியைக் கெடுத்தது. மதுரை நரிமேட்டில் எங்கள் வீட்டு மாடியறையில் மூன்று மாதம் உட்கார்ந்து, 1/72 அளவில் அதைச் செய்து முடித்து, கண்ணாடி அலமாரியில் பெருமையாக வைத்திருந்தேன். விமானப்படையின் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று எங்கள் தெருவில் குடியிருந்த பெரியவர் ஒருவர், வேறு வேலையாக வீட்டுக்கு வந்தவர், அதை எடுத்துப் பார்த்தார். "தம்பி, மூக்குக்கு மேல இருக்கிற குழாய் நடுவுல இல்ல இருக்கணும்? நீங்க செஞ்சது எழுபத்தேழா, தொண்ணூத்தாறா?" என்று கேட்டார். அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்றே அப்போது எனக்குத் தெரியாது.

ஆகவே என் பதில் இதுதான்: மாதிரியின் பாகங்கள் வரும் பெட்டியைத் திறப்பதற்கு முன், எந்த வகை, எந்த ஆண்டு, முடிந்தால் எந்த எண் கொண்ட விமானம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற நுட்பங்கள் அனைத்தும் அந்த முடிவைப் பின்பற்றி வரும்.

நம் விமானப்படையில் மிக்-21 சேர்ந்தது 1963-இல். கடைசி விமானங்கள் சண்டிகரில் நடந்த விழாவில் 2025 செப்டம்பர் 26 அன்று விடைபெற்றன. இடைப்பட்ட அறுபத்திரண்டு ஆண்டுகளில் அதன் உருவம் பலமுறை மாறிவிட்டது. நாசிக்கில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்த எஃப்.எல். வகையைத்தான் படையினர் 'எழுபத்தேழு' என்பார்கள். 'தொண்ணூற்றாறு' என்பது எம் வகை. 'எழுபத்தைந்து' என்பது பிஸ் வகை. பிஸ் விமானங்களில் பலவற்றை மேம்படுத்தி உருவாக்கியதே பைசன். நான் எழுபத்தேழின் எண்களை ஒட்டிய மாதிரியில், தொண்ணூற்றாறுக்கு உரிய குழாயைப் பொருத்தியிருந்தேன்.

காற்றில் விமானம் செல்லும் வேகத்தை அளக்கும் அந்தப் பிட்டோ குழாயைப் பார்த்தே வகையைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். மிக முந்தைய எஃப்-13 வகையில் அது மூக்கின் அடிப்புறத்திலிருந்து நீண்டிருக்கும். எழுபத்தேழில் மூக்கின் மேல் நட்டநடுவே இருக்கும். தொண்ணூற்றாறு, எழுபத்தைந்து ஆகியவற்றில் விமானியின் வலப்பக்கமாகச் சற்று விலகியிருக்கும். அடுத்ததாக விமானியறையின் கண்ணாடி மூடியைப் பாருங்கள். எழுபத்தேழில் முன்கண்ணாடியும் மூடியும் ஒரே துண்டாக, முன்பக்கக் கீலில் சுழன்று மேலே எழும். பிந்தைய வகைகளில் முன்கண்ணாடி நிலையாக நிற்க, மூடி மட்டும் வலப்பக்கமாகத் திறக்கும். மூடியைத் திறந்த நிலையில் ஒட்டுவதாக இருந்தால் இதில் பிழை செய்யவே கூடாது. செய்தால் தெரு முனையிலிருந்தே தெரிந்துவிடும். விமானியறைக்குப் பின்னால் நீளும் முதுகு மேட்டின் பருமனும் வகைக்கு வகை வேறுபடும். பிஸ் வகையில் அது நன்றாகப் புடைத்திருக்கும்.

எழுபத்தேழில் உடலுக்குள் பொருத்திய துப்பாக்கி கிடையாது என்பது மாதிரி செய்பவருக்கு முக்கியமான செய்தி. அந்தக் குறையைப் போக்க வயிற்றுக்கு நடுவே ஜி.பி.-9 என்ற துப்பாக்கிக் கூட்டைத் தொங்கவிட்டார்கள். 23 மில்லிமீட்டர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் 200 குண்டுகளும் அதற்குள் அடங்கும். 1971 போரில் பாகிஸ்தானின் எஃப்-104 விமானத்தை மிக்-21 வீழ்த்தியது இந்தக் கூட்டைக் கொண்டுதான். ஆகவே 1971-ஆம் ஆண்டு விமானத்தைச் செய்பவர், பெட்டியில் கொடுத்த எரிபொருள் தொட்டியை வயிற்றில் ஒட்டுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வேண்டும். எழுபத்தேழின் இறக்கைகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே ஆயுதத் தாங்கிகள் உண்டு. நான்கு தாங்கிகள் தொண்ணூற்றாறில்தான் வந்தன. பெட்டியில் நான்கு ஏவுகணைகள் இருக்கின்றன என்பதற்காக நான்கையும் மாட்டிவிடக் கூடாது.

அளவு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். 1/72 என்றால் மாதிரியில் ஒரு மில்லிமீட்டர், உண்மை விமானத்தில் 72 மில்லிமீட்டர். 7.15 மீட்டர் இறக்கை அகலம் மேசையில் பத்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகிவிடும். ஐந்து மில்லிமீட்டர் தலை கொண்ட ஆணி 0.07 மில்லிமீட்டராகச் சுருங்கும். பழைய அச்சுகளில் வார்த்த மாதிரிகளில் உடல் முழுக்கப் புடைத்து நிற்கும் ஆணித்தலைகளைக் கூசாமல் தேய்த்து எடுத்துவிடலாம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். அவற்றை அப்படியே விட்டால் விமானத்துக்கு வேர்க்குரு போட்டதுபோல் இருக்கும். பெட்டியோடு வரும் பிட்டோ குழாயும் பெரும்பாலும் அகப்பைக் காம்பு போல் தடித்திருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெரியாஸ்பத்திரிக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் 21-ஆம் எண் ஊசி ஒன்றும் 26-ஆம் எண் ஊசி ஒன்றும் வாங்கிக்கொண்டேன். முதலாவது 0.8 மில்லிமீட்டர் பருமன்; இரண்டாவது அதன் துளைக்குள் இறுக்கமாக நுழையும். கூர்முனைகளைச் சின்ன அரத்தால் மழுக்கி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி ஒரு சொட்டு பசை வைத்தால், நுனியில் உண்மையான துளையுடன் கூடிய குழாய் கிடைத்துவிடுகிறது. இரண்டு ஊசிக்கும் சேர்த்து ஒரு டீ காசுதான் ஆனது.

இறக்கைகள் கிடைமட்டமாக இருப்பதாகத் தோன்றினாலும், இரண்டு பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். 1/72 அளவில் இறக்கையின் நுனி, உடலோடு சேரும் அதன் வேரைவிட ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தாழ வேண்டும். பசை காய்வதற்கு முன் அட்டையில் வெட்டிய தாங்கியை இருபுறமும் கொடுத்து இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு திருத்த முடியாது.

நிறத்துக்கு வருகிறேன். முற்காலத்து எழுபத்தேழுகள் பெரும்பாலும் உலோக நிறத்தில் இருந்தன. அதற்காக உடல் முழுவதையும் கல்யாணச் சீர் எவர்சில்வர் அண்டா போல் ஒரே பளபளப்பில் பூசிவிடக் கூடாது. தகட்டுக்குத் தகடு பளபளப்பு மாறும். வெப்பம் பட்ட பின்பகுதி மங்கிக் கருகியிருக்கும். நான் வெள்ளி வண்ணத்தில் சில சொட்டுக் கறுப்பையும் பழுப்பையும் தனித்தனியே கலந்து மூன்று சாயல்களில் வைத்துக்கொண்டு, சில தகடுகளை மட்டும் மறைத்து மறைத்து அடித்தேன். மூக்குக் கூம்பும் வால் துடுப்பின் உச்சியும் பச்சை. சக்கரங்களின் நடுவட்டும் பச்சை. விமானியறையின் உட்புறம் நீலப்பச்சை. 1971-இல் போருக்காக அவசர அவசரமாகப் பூசப்பட்ட மறைப்பு வண்ணங்கள் விமானத்துக்கு விமானம் வேறுபட்டதால், குறிப்பிட்ட ஒரு விமானத்தின் புகைப்படம் கையில் இல்லாமல் அவற்றைத் தொடக்கூட வேண்டாம். விமானத்தின்மேல் எழுதியிருக்கும் எண்களில் சி என்ற எழுத்து போர் விமானத்தைக் குறிக்கும். மேம்படுத்தப்பட்ட பைசன்களுக்குச் சி.யு. என்று இரண்டு எழுத்துகள் வரும். சாம்பல் நிறப் பைசனுக்கு வெறும் சி எண்ணை ஒட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வண்ணம் அடிப்பதில் நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் மாடியறையில் வண்ணத்தைத் தூவும் ஏர் பிரஷ் பிடித்தால் வண்ணம் காற்றிலேயே காய்ந்து, உடலின்மேல் மணல் தூவியதுபோல் விழுகிறது. ஐப்பசி மழையில் அடித்தால் ஈரப்பதத்தால் வெண்படலம் பூத்துவிடுகிறது. பைக்குகளுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறைக்காரர் ஒருவர், மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்து அதிகாலையில் அடிக்கும்படி சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு தை, மாசி மாதங்களின் காலை ஆறு மணிக்கு மேல் எட்டு மணிக்குள் மட்டுமே வெள்ளி வண்ணம் அடிக்கிறேன்.

அலுமினிய நிறத்தில், நடுவே குழாயுடன், வயிற்றில் துப்பாக்கிக் கூட்டுடன் இரண்டாவது எழுபத்தேழை முடித்து, அந்தப் பெரியவரின் வீட்டுக்கே எடுத்துச் சென்றேன். வாங்கியதும் முதலில் தலைகீழாகத் திருப்பி வயிற்றைப் பார்த்தார். பிறகு குழாயை, பிறகு கண்ணாடி மூடியை. கடைசியாக அதை மேசைமேல் வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் எதிரிலிருந்து பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு தம்பி. இடது இறக்கைதான் இன்னும் ஒரு பொட்டு தாழணும்" என்றார். வீட்டுக்கு வந்து அளந்தேன். அரை மில்லிமீட்டர் தூக்கலாகத்தான் இருந்தது.