கணினிக் கேள்வி – பதில்: தொண்டர் குழுவும் களஞ்சிய அனுமதியும்

கேள்வி: மாரி வெள்ளத்தின்போது இடைத்தங்கல் முகாம்களுக்கு வந்து சேரும் நிவாரணப் பொருட்களைப் பதிவு செய்வதற்காக, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ள நண்பர்கள் சேர்ந்து சம்பளமின்றி ஒரு மென்பொருளை உருவாக்கி வருகிறோம். நிரல் முழுவதும், நிரல்களைச் சேமித்துப் பலர் கூட்டாக எழுத உதவும் கிட்ஹப் தளத்தில் ஒரு நண்பரின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. அவர் விரைவில் கட்டாருக்கு வேலைக்குப் போகிறார். எல்லோருக்கும் ஒரே அனுமதி இருப்பதால் ஒருவருடைய மாற்றம் மற்றவரின் வேலையை அழித்த சம்பவமும் நடந்துவிட்டது. இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: நண்பர் விமானம் ஏறுவதற்கு முன்பே, அந்தக் களஞ்சியத்தை (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடத்தை) அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து ஓர் அமைப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஊரின் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு வங்கிக் கணக்குத் திறக்கும்போது அதை எவரும் தலைவரின் சொந்தப் பெயரில் திறப்பதில்லை. உங்கள் நிரலுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். சொந்தக் கணக்கில் உள்ள களஞ்சியத்தில் உரிமையாளர், கூட்டுப் பங்காளர் என்ற இரண்டு நிலைகளே உண்டு. பங்காளர் ஆனவர் எல்லோரும் நிரலை மாற்றலாம் என்பதால், உங்களுக்கு நேர்ந்த சம்பவத்துக்கு எந்த ஒருவரையும் குறை சொல்வதற்கில்லை. அமைப்புக் கணக்கை இலவசமாகவே தொடங்கலாம். களஞ்சியத்தை மாற்றும்போது அதன் வரலாறும், பதியப்பட்ட பிரச்சினைகளும், புல் ரிக்வெஸ்ட்களும் (ஒரு மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்கும் கோரிக்கைகளும்) கூடவே வந்துவிடும். பழைய முகவரிக்குப் போகிறவர்களைக் கிட்ஹப் தானாகவே புதிய முகவரிக்கு அனுப்பும். ஆனால் நண்பர் தமது கணக்கில் அதே பெயரில் இன்னொரு களஞ்சியத்தைத் தொடங்கினால் அந்த வழிமாற்றம் அறுந்துவிடும் என்பதை அவரிடம் சொல்லி வையுங்கள்.

அமைப்புக் கணக்கின் உரிமையாளர்களாகக் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் மட்டுமே இருந்து அவருடைய கணக்கு முடங்கினால் உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கோ நீக்குவதற்கோ ஆளில்லாமல் போகும். வெளிநாடு போகிறவர்களின் விடயத்தில் இந்த ஆபத்து மிகவும் நிஜமானது. இரட்டைச் சரிபார்ப்புக் குறியீட்டைக் குறுஞ்செய்தியாகப் பெறுபவர் உள்ளூர் சிம் அட்டையைக் கைவிட்டதும் தமது கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம். ஆகவே சரிபார்ப்புச் செயலியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது குழுக்கள். அனுமதியை ஆளுக்கு ஆள் கொடுக்காமல் வேலையின் அடிப்படையில் குழுக்களை உருவாக்கி, அந்தக் குழுக்களுக்குக் கொடுப்பதே சரியான வழி. கிட்ஹப்பில் அனுமதிகள் ஐந்து படிகளாக உள்ளன. 'ரீட்' பார்ப்பதற்கு மட்டும். 'ட்ரியாஜ்' உள்ளவர் நிரலைத் தொடாமல் பிரச்சினைகளை வகைப்படுத்தலாம், மூடலாம். 'ரைட்' நிரலை எழுதுவதற்கு. 'மெயின்டெயின்' அன்றாட நிர்வாகத்துக்கு. 'அட்மின்' களஞ்சியத்தை அழிக்கும் அதிகாரம் வரை தரும். இவற்றில் நம்மவர்கள் அதிகம் கவனிக்காதது 'ட்ரியாஜ்' என்பது என் எண்ணம். முகாமில் நின்று பொருட்களைப் பதிவு செய்கிற, நிரல் எழுதத் தெரியாத ஒரு தொண்டர்தான் பிழை எங்கே வருகிறது என்பதை முதலில் காண்பார். அவரை இந்தப் படியில் சேர்த்தால் அவருடைய அறிவு குழுவுக்குள் வந்துவிடும், நிரலுக்கும் ஆபத்து இல்லை. 'அட்மின்' பொறுப்பையோ மூத்தவர் என்ற மரியாதைக்காக எவருக்கும் கொடுக்காதீர்கள்.

உறுப்பினர் அனைவருக்குமான அடிப்படை அனுமதியை 'ரீட்' என்ற அளவிலேயே வையுங்கள். அதை 'ரைட்' ஆக்கிவிட்டால், ஒரு குழுவுக்கு நீங்கள் குறைவான அனுமதியைக் கொடுத்திருந்தாலும் இரண்டில் உயர்ந்ததே செல்லும். ஒரு குழுவுக்குள் உபகுழு அமைத்தால் தாய்க்குழுவின் அனுமதி உபகுழுவுக்கும் இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இவற்றோடு, மெயின் கிளை எனும் நிரலின் முதன்மை வடிவத்துக்குப் பாதுகாப்பு விதி போட்டு, இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே எந்த மாற்றமும் அதில் சேரும்படி செய்யுங்கள். ஒருவர் வேலையை மற்றவர் அழிப்பது அத்துடன் பெரும்பாலும் நின்றுவிடும். இலவசக் கணக்கில் இந்த விதி எவரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியங்களுக்கு மட்டுமே செயற்படும். களஞ்சியம் பொதுவானதாக இருக்குமானால், இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெயர்களோ தேசிய அடையாள அட்டை இலக்கங்களோ பரிசோதனைக்காகக்கூட அதற்குள் போகக் கூடாது. பிறகு அழித்தாலும் மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் அவை கிடக்கும்.

இத்தகைய முயற்சிக்கு நம் நாட்டிலேயே முன்னோடி உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய 'சகான' என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் எவரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூலத் திட்டமாக வளர்ந்து, வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு தம்பி பல மாதங்களாக எந்த வேலையும் செய்யவில்லை. அனுமதியை எடுத்தால் மனம் நோகுமே என்று தயங்குகிறோம். அதேவேளை, முன்பின் தெரியாத ஒருவர் மின்னஞ்சலில் வந்து, பராமரிப்புப் பொறுப்பைத் தாம் ஏற்பதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தம்பியின் அனுமதியை எடுங்கள், ஆனால் சொல்லிவிட்டு எடுங்கள். இத்தனை மாதம் செயற்படாதவரின் அனுமதி இடைநிறுத்தப்படும், திரும்பி வந்ததும் மீண்டும் கிடைக்கும் என்ற விதியை எல்லோருக்கும் பொதுவாக எழுதி வைத்துவிட்டால் அது எவர்மீதும் வைத்த குற்றச்சாட்டாகத் தோன்றாது. அவர் செய்த கொமிட்கள் (பதிவு செய்த மாற்றங்கள்) அவருடைய பெயரிலேயே வரலாற்றில் இருக்கும் என்பதையும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய கணினியில் உள்ள பிரதி அவரிடமே இருக்கும். ஆகவே சேவையகக் கடவுச்சொற்களை அவர் அறிந்திருந்தால் அவற்றையும் அன்றே மாற்ற வேண்டும்.

புதியவருக்கு எழுதும் அனுமதியை இப்போது கொடுக்க வேண்டாம். 2018இல் 'ஈவென்ட் ஸ்ட்ரீம்' என்ற நிரல் தொகுப்பின் பராமரிப்பாளர், உதவ முன்வந்த அந்நியர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். பிட்கொயின் பணப்பைகளைக் குறிவைத்த தீய நிரல் அதற்குள் நுழைந்தது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட 'எக்ஸ்இசட்' என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரத்திலோ, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பங்களிப்புகளைச் செய்து நம்பிக்கையைப் பெற்ற ஒருவரே பின்கதவை (இரகசியமாக உள்ளே நுழையும் வழியை) வைத்தார். ஆகவே காலம் மட்டும் போதிய சான்றாகாது. நம்பிக்கை பெற்றவரின் மாற்றத்தையும் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்ற விதி உங்கள் குழுவில் எவருக்கும் தளரக் கூடாது.

கேள்வி: ஒலுவில் பல்கலைக்கழக மாணவி நான். ஒரு தொண்டர் திட்டத்தில் சேர விரும்புகிறேன். முதலில் அனுமதி கேட்க வேண்டுமா?
– வாசகி, சம்மாந்துறை

பதில்: பொதுக் களஞ்சியமாக இருந்தால் அனுமதி தேவையில்லை, தங்கச்சி. உங்கள் கணக்கில் அதன் கிளைப்பிரதி ('ஃபோர்க்') ஒன்றை எடுத்து, திருத்தி, புல் ரிக்வெஸ்டாக அனுப்புங்கள்; மொழிபெயர்ப்புப் பிழை ஒன்றைத் திருத்துவதும் நல்ல தொடக்கமே. சில மாற்றங்கள் ஏற்கப்பட்ட பின் அவர்களே உங்களைக் குழுவில் சேர அழைக்கக்கூடும். அந்த அழைப்பை ஏழு நாட்களுக்குள் ஏற்காவிட்டால் அது காலாவதியாகிவிடும், ஆகவே பரீட்சைக் காலத்திலும் மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.