சுத்தியல் தடம் இருந்தால் கைவேலையா?

கேள்வி: இங்கிலாந்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பழைய சாமான் கடையில் வெள்ளி ஜாம் கரண்டி ஒன்று வாங்கினேன். உடம்பெல்லாம் சுத்தியல் தடம். 1903-இல் செய்த 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' கைவேலை என்றார் கடைக்காரர். நம்பலாமா? கறுத்தும் இருக்கிறது.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஆண்டைச் சுலபமாகச் சரிபார்க்கலாம். வெள்ளியைச் சோதித்துக் குத்திய முத்திரை வரிசையில், ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து இருக்கும். ஆண்டெழுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. நங்கூரம் என்றால் சோதித்த ஊர் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன்.

சிக்கல் அந்தச் சுத்தியல் தடத்தில்தான். 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' என்பது இயந்திரச் சரக்குக்கு மாற்றாகக் கைவேலையை உயர்த்திப் பிடித்த இயக்கம். அதைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஆஷ்பீ 1888-இல் கிழக்கு லண்டனில் தொடங்கிய 'கில்ட் ஆஃப் ஹேண்டிகிராஃப்ட்' பட்டறையில் தகட்டைத் தட்டித் தட்டியே கிண்ணமாக்கினார்கள். தடம் தானாக விழுந்தது. அதற்கு மவுசு கூடியது. லண்டன் லிபர்ட்டி கடை 1899-இல் 'சிம்ரிக்' வெள்ளிச் சாமான்களைக் கொண்டுவந்தது; பர்மிங்காமில் அச்சில் அழுத்தி எடுத்த பலவற்றுக்கும் மேலே சுத்தியல் தடம்! விலையில் கில்ட் எப்படி ஈடுகொடுக்கும்? 1902-இல் சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தும் ஐந்தாறு ஆண்டில் கலைந்துபோனது. (பக்கத்து பிராட் கேம்ப்டனில்தான் நம் கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி குடியிருந்தார். அந்த வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தவரும் ஆஷ்பீதான்.) அதற்காக சிம்ரிக்கை மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆர்ச்சிபால்ட் நாக்ஸ் வரைந்த ஒன்று கிடைத்தால் நானே விடமாட்டேன்.

சரி, உங்கள் கரண்டியைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கையால் தட்டியிருந்தால் ஒவ்வொரு தடமும் ஒரு தினுசாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரே குழி ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அச்சு. அச்சில் எடுத்ததன் மேலேயே கையால் தட்டுவதும் உண்டு, அதனால் செய்தவர் முத்திரையையும் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

கறுப்புக்கு விபூதி வேண்டாம். குங்குமச் சிமிழுக்கு அது போதும், இதற்கு இளஞ்சூடான சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும்தான். பள்ளங்களில் கொஞ்சம் கறுப்பு தங்கட்டும், அப்போதுதான் தடமே கண்ணுக்குத் தெரியும். போன வருஷம் என் உப்புக் கிண்ணத்தைக் கடையில் பாலீஷ் போடக் கொடுத்தேன். மோட்டார் சக்கரத்தில் வைத்து ஒரே தேய்ப்பு. எவர்சில்வர் மாதிரி பளபளவென்று வந்தது. தடத்தில் பாதியைக் காணோம். இப்போது அதில் சட்டைப் பொத்தான்கள் கிடக்கின்றன.