டீசல் செலவு கூடாமல் லாரி இன்ஜினின் திறனைக் கூட்ட முடியுமா?

இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் தருணத்தில் இது ஓரளவு முடியும். ஆனால் இன்ஜினுக்கு டீசலைச் செலுத்தும் பம்பில் அதன் அளவைக் கூட்டி வைப்பதிலிருந்து தொடங்கக் கூடாது. ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். காற்றும் டீசலும் சீராகக் கலக்க நேரம் போதாது என்பதால், முழுச் சுமையில்கூட அதைவிடக் கணிசமாக அதிகக் காற்று இருந்தால்தான் புகையில்லாமல் எரியும். ஏற்றத்தில் கக்கும் கரும்புகை, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல்தான்.

டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இருந்தும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாத வண்டியென்றால், அதைச் சேர்ப்பதே என் கணிப்பில் முதல் வேலை. அழுத்தத்தால் சூடேறிய காற்று குளிர்ந்து அடர்வதால், அதே அழுத்தத்தில் கூடுதல் ஆக்சிஜன் சிலிண்டருக்குள் செல்கிறது.

லைனர், பிஸ்டன் ரிங், வால்வு சீட் ஆகியவற்றைச் சரிசெய்து கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவை) மீட்பது எல்லோரும் செய்வதுதான். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களை டெஸ்டரில் மாட்டி, நெம்புகோலை அழுத்தும்போது பனிப்புகைபோல் தெளிக்கிறதா, அழுத்தம் நின்றபின் நுனியில் சொட்டுத் தங்குகிறதா என்று பார்ப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சொட்டும் நாசில் மைலேஜையும் தின்னும், நாளடைவில் பிஸ்டன் தலையையும் எரிக்கும்.

இவையெல்லாம் முடிந்த பிறகே டீசல் அளவைச் சிறிது கூட்டலாம். அப்போதும் எக்ஸாஸ்ட் வெப்பத்தை அளக்க மீட்டர் பொருத்திக்கொள்ளுங்கள். கூடிய திறனை எந்நேரமும் வேகத்துக்கே செலவிட்டால் மைலேஜ் நிச்சயம் குறையும்.