"சரிங்க மேடம்" எத்தனை தடவை? குடி, போதை மீட்பு வேலைக்கு வர்றவங்களுக்கு கேள்வி பதில்

வணக்கம் மக்களே. 14 வருஷமா குடி, போதை மீட்பு கவுன்சிலிங்ல இருக்கேன், கொஞ்ச வருஷமா புதுசா வர்ற கவுன்சிலர், நர்ஸ், சோசியல் ஒர்க்கர்களுக்கு ட்ரெய்னிங்கும் குடுக்குறேன். இந்த வேலை சம்பந்தமா என்ன வேணா கேளுங்க. நான் டாக்டர் இல்ல, மாத்திரை டோஸ் மட்டும் கேக்காதீங்க.

கேள்வி (எம்.எஸ்.டபிள்யூ. முதல் வருஷம், மதுரை): அக்கா, ஃபீல்ட் ஒர்க்குக்கு ஒரு டி-அடிக்‌ஷன் சென்டர்ல போட்டிருக்காங்க. முதல்ல எதை கத்துக்கணும்?

வாயை மூடிக்கிட்டு உக்கார கத்துக்கோங்க தம்பி, கிண்டல் இல்ல. என் க்ளாஸ்ல ஒருத்தர் குடிக்கிறவரா நடிப்பார், ஒருத்தர் கவுன்சிலர், மூணாவது ஆள் நோட்டு வச்சுக்கிட்டு "சரிங்க மேடம்", "சரிங்க சார்" எத்தனை தடவை வருதுன்னு கோடு போடணும். போன பேட்ச்ல ஒரு பொண்ணு கால் மணி நேரம் பேசுச்சு, லிவர்ல ஆரம்பிச்சு மக கல்யாணம் வரைக்கும் போய் நின்னுச்சு, மொத்தம் 11 கோடு, எதிர்ல இருந்தவர் அந்த "சரிங்க"வை தவிர நாலே வரி தான் பேசியிருந்தார். இந்த அட்வைஸை எல்லாம் குடிக்கிறவருக்கு அவரோட அம்மா, மாமனார், டீக்கடைக்காரர் வரைக்கும் சொல்லியாச்சு, நீங்களும் சொன்னா தலையாட்டிட்டு போயிடுவார், அவ்ளோதான். வில்லியம் மில்லர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1983ல எழுதினதுல இருந்து வளர்ந்த மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்ங்கற கவுன்சிலிங் முறை சொல்றதும் இதுதான், விடணும்ங்கற காரணம் அவர் வாயில இருந்தே வரணும்.

அதுக்கு நம்ம ஊர்லயே ஒரு நல்ல கேள்வி இருக்கு. "மலைக்கு மாலை போட்டிருக்கீங்களாண்ணே?" போட்டிருந்தா, அந்த விரத நாள்ல சாயங்காலம் ஆறு மணி ஆனா என்ன பண்ணீங்க, யார் கூட இருந்தீங்க, கடைப் பக்கம் போகாம எந்த வழியா வீட்டுக்கு வந்தீங்கன்னு கேளுங்க. அவர் பாட்டுக்கு சொல்லிக்கிட்டே போவார், நீங்க எழுதிக்கிட்டா போதும், ட்ரீட்மென்ட் ப்ளான்ல பாதி அதுலயே வந்துடும்.

கேள்வி (ஸ்டாஃப் நர்ஸ், தாலுகா ஜி.எச்.): கால் ஒடைஞ்சு அட்மிட் ஆகுறவங்க மூணாம் நாள் உளற ஆரம்பிச்சு ட்ரிப்ஸை புடுங்குறாங்க. கட்டிப் போட வேண்டியதாகுது. இதெல்லாம் எங்களுக்கு யாரும் சரியா சொல்லித்தரல மேடம்.

சிஸ்டர், என்னை கேட்டா கவுன்சிலருக்கு முன்னாடி ட்ரெய்னிங் வேண்டியது உங்களுக்குத் தான். அட்மிஷன் அப்பவே "குடிப்பீங்களா"ன்னு கேக்காம "கடைசியா எப்போ குடிச்சீங்க, எத்தனை மணிக்கு"ன்னு கேளுங்க. தினமும் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா 6-8 மணி நேரத்துல நடுக்கம், வேர்வை, முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், உளறல், இல்லாததை பாக்குறது எல்லாம் பெரும்பாலும் 48ல இருந்து 96 மணி நேரத்துக்குள்ள. நீங்க சொன்ன மூணாம் நாள் அதுதான், கவனிக்காம விட்டா உயிரே போகும். ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல் மேல ஒரு கேஸ் ஷீட் பேப்பரை வச்சுப் பாருங்க, கண்ணுக்கு தெரியாத நடுக்கம் பேப்பர் ஆடுறதுல தெரியும். குடியை நிறுத்தினதால வர்ற தொந்தரவு எவ்ளோன்னு அளக்க சீவா ஸ்கேல்னு 10 ஐட்டம் உள்ள ஒரு பட்டியல் இருக்கு, அதை போட்டு ஸ்கோரோட டாக்டர்கிட்ட சொன்னா உடனே கவனிப்பாங்க. அப்புறம் க்ளூக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி தயமின் (வைட்டமின் பி1) போச்சான்னு கேட்டுடுங்க, தயமின் குறைஞ்ச ஒடம்புல க்ளூக்கோஸ் மட்டும் போனா மூளை பாதிக்க வாய்ப்பு இருக்கு. கட்டுறது கடைசி வழி, அதுவும் டாக்டர் எழுதி, கொஞ்ச நேரம் தான். சங்கிலின்னா 2017 மனநல பராமரிப்புச் சட்டத்துல அறவே கூடாது. 2001ல ஏர்வாடி மனநல காப்பகத்துல தீ புடிச்சப்போ சங்கிலியில இருந்த 28 பேர் ஓட முடியாம செத்ததை மறக்க முடியுமா.

மாலை போடுற கார்த்திகை மாசமும் இதே கதை தான், விரதத்துக்காக குடியை திடீர்னு நிறுத்திடுவாங்க, முதல் வாரம் வலிப்போட வர்றவங்களை நானே பாத்திருக்கேன்.

கேள்வி (கிராம சுகாதார பணியாளர்): "அவருக்கு தெரியாம சோத்துல கலக்குற மாத்திரை வாங்கிக் குடு"ன்னு பொம்பளைங்க கெஞ்சுறாங்க. என்ன சொல்றது?

முடியாதுன்னு சொல்லுங்க, ஆனா திட்டாதீங்க, அந்தக்கா வேற வழி இல்லாம தான் கேக்குது. அது டைசல்ஃபிராம். அதை சாப்பிட்டவர் சாராயம் குடிச்சா மூஞ்சி செவந்து, படபடப்பு, வாந்தி, பி.பி. இறங்கி ஆளே போயிடலாம். நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் ஒடம்புல வேலை செய்யும். அவருக்கு தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் பாத்து குடுக்குற மருந்து அது. அந்த அக்காவுக்கு 14446 நம்பரை எழுதிக் குடுங்க, போதை மீட்புக்கான இலவச ஹெல்ப்லைன், வீட்டு ஆளுங்களும் பேசலாம்.

கேள்வி: நான் குடியை விட்டு 3 வருஷம் ஆச்சு, குடியை விட்டவங்க ஒண்ணா கூடுற ஏ.ஏ. மீட்டிங் போறேன். கவுன்சிலர் ஆகலாமா? எங்க படிக்கிறது?

தாராளமா வாங்கண்ணே, உங்ககிட்ட பொய் சொல்லி தப்பிக்க முடியாது. ஒரே ஒரு சிக்கல், நீங்க விட்ட வழியிலயே எல்லாரும் விடணும்னு தோணும், அதை தான் ட்ரெய்னிங்ல உதறணும். உங்க கதையை ஒரு செஷனுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசாதீங்க. கொழும்பு திட்டம்ங்கற பன்னாட்டு அமைப்போட யு.டி.சி.ங்கற போதை சிகிச்சை பாடத்திட்டத்துல அடிப்படை நிலையில 8 பாடம், போதை மூளையில என்ன செய்யுதுன்னு ஆரம்பிச்சு கவுன்சிலிங், கேஸ் மேனேஜ்மென்ட், எத்திக்ஸ் வரைக்கும் வரும். சென்னையில 1980ல சாந்தி ரங்கநாதன் ஆரம்பிச்ச டி.டி.கே. மருத்துவமனையும் பெங்களூரு நிம்ஹான்ஸும் இந்த துறையில ட்ரெய்னிங் குடுக்குற இடங்கள். ரெண்டு நாள் ஜூம் க்ளாஸ்ல சர்டிஃபிகேட் தர்றோம்னு வந்தா காசை பத்திரமா வச்சுக்கோங்க.

கேள்வி: கஞ்சா அடிக்கிற பையன் சிகிச்சைக்கு வந்தா போலீஸ் கேஸ் ஆகுமான்னு வீட்ல பயப்படுறாங்க.

சிகிச்சைக்கு வந்ததுக்காக கேஸ் போட மாட்டாங்க. ஏற்கனவே கேஸ் இருந்தா 1985 என்.டி.பி.எஸ். (போதைப்பொருள்) சட்டத்துல 64ஏ பிரிவு இருக்கு, உபயோகிச்சதுக்கோ சின்ன அளவு வச்சிருந்ததுக்கோ மாட்டினவர், தானா முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்துல சிகிச்சை எடுத்தா பாதுகாப்பு கிடைக்கும், பாதியில ஓடினா அது போயிடும். வக்கீலையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கேள்வி (கவுன்சிலர், 2 வருஷம்): ஒருத்தர் அஞ்சாவது தடவையா வந்து நிக்கிறார் மேடம். எனக்கே கோவம் வருது, மூஞ்சியில காட்டிட்டேன்.

வரும்பா, எனக்கும் வந்திருக்கு. உங்க சீனியர்கிட்ட வாரம் ஒரு தடவை கேஸ் பேசுற நேரம் இருக்கா? இல்லன்னா முதல்ல அதை சண்டை போட்டாவது வாங்குங்க, அது இல்லாம இந்த வேலையில ரொம்ப வருஷம் தாங்க மாட்டீங்க. அப்புறம் அந்த அண்ணனோட பழைய ஃபைலை எடுங்க. எத்தனை தடவை வந்தார்னு எண்ணாதீங்க, நடுவுல எத்தனை நாள் குடிக்காம இருந்தார்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. என்கிட்ட வந்த ஒருத்தருக்கு 9 நாள், 40 நாள், திரும்ப 12 நாள், அப்புறம் 7 மாசம்னு இருந்துச்சு. அந்த பேப்பரை அவர் பக்கம் திருப்பி வச்சேன். ரொம்ப நேரம் பாத்துட்டு "இந்த ஏழு மாசம் கொத்தனார் வேலைக்கு திருப்பூர் போயிருந்தேன் மேடம், கூட குடிக்கிற பயலுவ எவனும் இல்ல"ன்னார். அன்னைக்கு செஷன் அங்க இருந்து தான் ஆரம்பிச்சுது.