ஆலைகளைக் காக்கும் சைபர் வேலை: மலையிலிருந்து வந்த கேள்விகள்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்: டிப்ளமோ ட்ரிபிள் ஈ முடித்து, தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். சைபர் செக்யூரிட்டி என்றால் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத்தானே? எனக்கு வழி இருக்கிறதா சார்?

நிச்சயமாக இருக்கிறது. ட்ரையரில் சூடு ஏறினால் என்ன கெடும், எந்த மோட்டாரைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அலுவலகக் கம்ப்யூட்டரில் வைரஸ் என்றால் கேபிளைப் பிடுங்கிவிட்டு நிதானமாகப் பார்க்கலாம். ஓடுகிற ஆலையில் அப்படிச் செய்தால் ஆளுக்கே ஆபத்து வரலாம். இந்தத் துறையில் உயிர் முதலில், ஆலையின் ஓட்டம் அடுத்து, தகவலின் ரகசியம் அதற்கும் பிறகுதான். நெட்வொர்க்கைப் புத்தகத்தில் படித்துவிடலாம். இயந்திரத்தின் குணம் பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் பிடிபடும். அதனால் உங்கள் அனுபவத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள்.

ஐபி முகவரி, ஸ்விட்ச், ஃபயர்வால் இவற்றிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் பிஎல்சி, அதாவது இயந்திரங்களை இயக்கும் சிறு கம்ப்யூட்டர், அதற்கு புரோகிராம் எழுதும் லேடர் லாஜிக். அதன் பிறகு ஆலைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழியான மோட்பஸ். 1979-இல் வந்த மோட்பஸ் இன்றும் ஏராளமான ஆலைகளில் ஓடுகிறது. அதன் மூல வடிவத்தில் பாஸ்வேர்டே கிடையாது. கட்டளை அனுப்புவது யார் என்று கருவி கேட்காது. இது ஏன் ஆபத்து என்று உங்களால் விளக்க முடிந்தால், ஆலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்புக்கான ஐஇசி 62443 தரநிலையைப் படிக்கலாம். அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா இணையத்தில் இலவசமாகவே பயிற்சி தருகிறது. ஜிஐசிஎஸ்பி போன்ற ஆலை சைபர் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குச் செலவு அதிகம். வேலைக்குச் சேர்ந்த பிறகு கம்பெனி செலவில் எழுதிக்கொள்ளலாம், கடன் வாங்காதீர்கள்.

குன்னூரிலிருந்து ஒரு தாய்: மகள் இந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். உண்மையிலேயே இதற்குத் தேவை இருக்கிறதா?

இருக்கிறது அம்மா. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் (மால்வேர்), ஈரானின் நத்தான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் ஆலையில் சுழன்ற இயந்திரங்களின் வேகத்தை மாற்றியது. திரையில் மட்டும் எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டியது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் சைபர் தாக்குதலால் சுமார் 2.25 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஆபரேட்டர்களின் கண் முன்னாலேயே மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கே போய்க் கையால் மூடி மின்சாரத்தை மீட்டார்கள். நம் பக்கத்தில், 2019-இல் கூடங்குளத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. அப்படித் தனியாக வைத்திருப்பதும், அது தனியாகத்தான் இருக்கிறதா என்று அடிக்கடி சோதிப்பதும்தான் உங்கள் மகள் செய்யப்போகும் வேலை. பைக்காரா, குந்தா நீர்மின் நிலையங்கள் உள்ள மலையில் வளர்ந்தவளுக்கு இதன் அருமை புரியாமல் போகாது. தைரியமாக அனுப்புங்கள்.

மஞ்சூர் பக்கம் ஒரு ஃபேக்டரி மேனேஜர்: ட்ரையர் பேனலைக் கோவை சர்வீஸ்காரர் அங்கிருந்தே இணையம் வழியாகச் சரிசெய்கிறார். அந்த இணைப்பு எப்போதும் திறந்தே இருக்கிறது. பரவாயில்லையா?

கூடாது. அவர் போன் செய்து சொன்ன பிறகு திறங்கள், வேலை முடிந்ததும் மூடுங்கள். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்ற வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். கணக்கு எழுதும் கம்ப்யூட்டரும் பேனலும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டாம். பிஎல்சி புரோகிராமின் நகல் உங்கள் கையில் இருக்கிறதா? பல இடங்களில் அது சர்வீஸ்காரரின் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கும். கேட்டு வாங்கி, தனி டிரைவில் பூட்டி வையுங்கள். பிஎல்சியில் சாவி ஸ்விட்ச் இருந்தால் அதை 'ரன்'னில் (ஓட மட்டும் செய்யும் நிலை) திருப்பிச் சாவியை எடுத்துவிடுங்கள். 2017-இல் சவூதி பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில், விபத்தைத் தடுக்க வேண்டிய பாதுகாப்புக் கருவிக்குள்ளேயே ட்ரைட்டன் என்ற தீநிரல் நுழைந்தது. அந்தக் கருவியின் சாவி, உள்ளிருக்கும் நிரலை மாற்ற அனுமதிக்கும் 'புரோகிராம்' நிலையில் விடப்பட்டிருந்தது அதற்கு வசதியாகப் போனது.

கூடலூர் கல்லூரி மாணவர்: இணையத்தில் இணைந்த கருவிகளைத் தேடித் தரும் ஷோடான் தளத்தில் திறந்து கிடக்கும் பிஎல்சிகளைத் தொட்டுப் பழகலாமா?

வேண்டாம் தம்பி. பழைய பிஎல்சி ஒரு சாதாரண ஸ்கேனுக்கே உறைந்து நின்றுவிடும். மறுமுனையில் யார் வேலை செய்துகொண்டிருக்கிறார்களோ. அரசு அறிவித்த பாதுகாக்கப்பட்ட அமைப்பு என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 70-ஆம் பிரிவின்படி 10 ஆண்டுகள் வரை சிறை. பிஎல்சி போலவே இயங்கும் ஓபன்பிஎல்சி மென்பொருளும், நெட்வொர்க்கில் போகும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க்கும் இலவசம். உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு சின்ன ஆலையை உருவாக்கி, அதை எவ்வளவு வேண்டுமானாலும் உடைத்துப் பாருங்கள்.

கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகர்: ஊரிலிருந்தே இந்த வேலையைப் பார்க்க முடியுமா?

கண்காணிப்பு, அறிக்கை எழுதுவது போன்றவற்றை வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் முதல் சில வருடங்கள் ஓசூர், எண்ணூர், தூத்துக்குடி என்று ஆலைகளுக்குள் ஹெல்மெட் போட்டு நடந்தே ஆகவேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு வந்தவர்களிடம் ஆலை நிர்வாகிகள் தங்கள் கட்டுப்பாட்டு அறையை ஒப்படைக்கத் தயங்குவார்கள்.